பெயர் வெட்டிய டம்ளர்

மாமியார் கொடுமை என்று சொல்லிக்கொள்ள அபிநயாவிடம் ஒன்றுமே இல்லை. சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள். திருச்சி தில்லைநகரில் அந்த மாடி வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து புவனேஸ்வரி அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். கனமான குக்கரைத் தூக்க விடமாட்டாள். காலையில் கண் விழித்ததும் வெதுவெதுப்பாக ஒரு சொம்பு தண்ணீர், முற்பகலில் உப்புப் போடாத மோர், சாயங்காலம் வேகவைத்த பூசணித் துண்டுகள். அப்பளமும் ஊறுகாயும் கருவாடும் அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. தலைவலி என்று அபிநயா நெற்றியைப் பிடித்தால் போதும், கையிலிருக்கும் மாத்திரைப் பட்டையைப் பிடுங்கி வைத்துவிட்டு, அவளை முன்னால் உட்கார வைத்துத் தைலம் தேய்த்துவிடுவாள்.

“வலி மாத்திரையெல்லாம் உள்ளுக்குள்ள போயி என்னென்ன பண்ணுமோ. வேணாம் கண்ணு. அத்தை கை இருக்குல்ல?”

அந்தக் கை நிஜமாகவே இதமாக இருக்கும். பெற்ற அம்மாகூட இப்படித் தேய்த்துவிட்டதில்லை என்று நினைத்து அபிநயா கண் மூடிக்கொள்வாள். புதுக்கோட்டையில் அவளுடைய அம்மா, பெண் கொடுத்த இடத்தைப் பற்றித் தெருவெல்லாம் பெருமை பேசினாள். தங்கை ரோஷிணிக்கோ எப்போதும் கேலிதான்.

“அக்கா, உங்க வீட்ல இன்னொரு பையன் இருக்கானா பாரு. இல்லன்னாலும் பரவால்ல, நான் உங்க அத்தையையே கட்டிக்கிறேன்.”

“வா, வந்து உப்பில்லாத ரசம் குடி. தெரியும்.”

“அப்ப வேணாம். நீயே வச்சுக்க.”

உப்பில்லாத சாப்பாடு ஓவியாவுக்காக என்றுதான் அபிநயா நினைத்திருந்தாள். ஓவியா அவள் கணவன் நிரஞ்சனின் தங்கை. பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில் அவள் இரண்டு கன்னங்களிலும் வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்ததுபோலச் சிவப்புப் படர்ந்தது. வெயில் சூடு என்று சந்தனம் அரைத்துப் போட்டார்கள். அது லூபஸ் என்று பிறகுதான் தெரிந்தது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைக் கடிக்கிற வியாதி. அவளுக்கு வெயில் ஆகாது என்பதால் வீட்டுச் சன்னல் கண்ணாடிகள் பொழுது ஏற ஏறத் தாமாகவே கறுத்துக்கொள்ளும். கழிவறைப் பீங்கானுக்குள் விரல் அளவில் ஒரு கருவி பொருத்தியிருந்தார்கள். சிறுநீரகம் கெட்டால் இறங்கும் புரதம் சிறுநீரில் இருக்கிறதா என்று அது பார்த்துச் சொல்லும். ஓவியா அறையில் ஒன்று, அபிநயா அறையில் ஒன்று. காலையில் காபி குடித்துக்கொண்டே புவனேஸ்வரி போனைப் பார்ப்பாள். “என் ரெண்டு பொண்ணுங்களுக்கும் நல்லாருக்கு” என்று சிரிப்பாள். தன்னையும் மகளோடு சேர்த்து எண்ணுகிறாளே என்று அபிநயாவுக்கு மனசு நிறைந்துவிடும்.

ஓவியா மட்டும் எப்போதாவது அண்ணியின் அறைக்கதவை மெல்லத் தட்டுவாள். துப்பட்டாவுக்குள் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். உள்ளே மாவடு.

“சாப்பிடுங்க அண்ணி. அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க.”

“நீ?”

“எனக்கு வேணாம். நீங்க சாப்பிடறதப் பாக்கணும்.”

ஓவியாவின் நோயை மறைத்து அவர்கள் பெண் கேட்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே, பின்கட்டில் தனியாகப் பேச விட்டபோது நிரஞ்சன் முதலில் சொன்னது அதைத்தான். எச்சில் சோதனை அப்போது புதிதாகப் புழக்கத்துக்கு வந்திருந்தது. ஒரு துளி எச்சிலில் மரபணுக்களைப் படித்து, லூபஸ் வந்தவர்களில் யாருடைய சிறுநீரகம் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம், யாருடைய உறுப்பு அவர்களுக்குப் பொருந்தும் என்று அது சொல்லிவிடும். ஓவியாவுக்குப் பத்தில் ஒன்பது பங்கு வாய்ப்பு என்று சொல்லியிருந்தது.

“எனக்கும் அம்மாவுக்கும் அதே ஜீன் இருக்குங்க. நாங்க கிட்னி குடுத்தாலும் அவ உடம்புல போயி அதுவும் அதே மாதிரி கெட்டுடுமாம். வெளியாளுங்க குடுக்கச் சட்டம் விடாது. கூடப் பொறந்தவன்னு பேரு, ஒண்ணும் பண்ண முடியல” என்று சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நிமிஷத்தில்தான் அபிநயா அவனிடம் மனசைப் பறிகொடுத்தாள். தங்கைக்காக இப்படி உருகுகிறவன் மனைவிக்காக என்னதான் செய்யமாட்டான்?

அன்றைக்கு நடந்த டம்ளர் கதையைப் புதுக்கோட்டை வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். காது குத்தியபோது இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி, பாத்திரக்கடையிலேயே பெயர் வெட்டி வைத்திருந்தார் அப்பா. பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு அபிநயா நின்றபோது, “பொண்ணுன்னா நின்னுக்கிட்டே இருக்கணுமா? நீயும் எங்களோட உக்காந்து குடிம்மா” என்றாள் புவனேஸ்வரி. அம்மா பூரித்துப்போய் அபிநயாவின் பெயர் வெட்டிய டம்ளரிலேயே காபியைக் கொண்டுவந்தாள். அபிநயா அண்ணாந்து இரண்டு மிடறு ஊற்றிக்கொண்டாள். அதற்கு மேல் இறங்கவில்லை. மிச்சத்தோடு உள்ளே ஓடியவளிடமிருந்து டம்ளரைப் பிடுங்கி, வாய் வைத்து உறிஞ்சிக் குடித்தாள் ரோஷிணி. எச்சில் பண்ணாதே என்று அம்மா எத்தனை தடவை மண்டையில் குட்டியும் போகாத பழக்கம் அது.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு டம்ளரைக் காணோம். நிச்சயதார்த்தத்தன்று அது தாம்பாளத்தில் கற்கண்டு நிறைந்து திரும்பி வந்தது. “தெரியாம பையில வந்துடுச்சு. பொண்ணு பேரு எங்க வீட்டுக்கு முன்னாடியே வந்து சேர்ந்துடுச்சு பாருங்க” என்றாள் புவனேஸ்வரி. நல்ல சகுனம் என்று அம்மா அழுதே விட்டாள்.

கல்யாணமாகி மூன்று வருஷம் ஓடிய பிறகு ஒருநாள் காலை, காபி டம்ளரைக் கையில் வைத்தபடி போனைப் பார்த்த புவனேஸ்வரி சிரிக்கவில்லை. ஓவியாவின் கால்கள் வீங்கியிருந்தன. முகமும் ஊதியிருந்தது. ஒரு மாதத்துக்குள் டயாலிசிஸ் வரைக்கும் போய்விட்டது.

மாமியார் பூஜையறையில் அபிநயாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “நான் கேக்கக் கூடாது கண்ணு. கேக்க எனக்கு வாயில்ல.”

“நீங்க கேக்கவே வேணாம் அத்தை. எங்கிட்டதான் ரெண்டு இருக்கே. சட்டப்படி நான் இந்தக் குடும்பம்தானே?”

புவனேஸ்வரி அவளை இறுக அணைத்துக்கொண்டாள். “நீ என் வயித்துல பொறந்திருக்கணும். இது முடியட்டும். ஒரே வருஷம். அப்புறம் இந்த வீட்ல தொட்டில் கட்டிடுவோம்.”

தொட்டில் என்ற சொல்லுக்காக அபிநயா மூன்று வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தாள். ஓவியா தேறட்டும், ஓவியா தேறட்டும் என்றே அது தள்ளிப் போயிருந்தது. இப்போது தன் உடம்பிலிருந்து ஒன்றைக் கொடுத்தால் ஓவியாவும் பிழைப்பாள், தொட்டிலும் வரும். ரத்தம் எடுக்க அவள் சிரித்துக்கொண்டேதான் கையை நீட்டினாள்.

சிறுநீரகம் மாற்றும் டாக்டர் ஹாஜிரா, அபிநயாவையும் நிரஞ்சனையும் புவனேஸ்வரியையும் உட்கார வைத்து, நேராக அபிநயாவைப் பார்த்துச் சொன்னார்.

“உங்க ரத்தத்தையும் ஓவியா ரத்தத்தையும் சேர்த்து வச்சுப் பார்த்தேம்மா. சண்டை போடுது. லூபஸ் வந்த உடம்பு, ஏற்கனவே எதைப் பார்த்தாலும் கடிக்கிற உடம்பு. உங்க சிறுநீரகத்தை வச்சா ஒரு வாரம் தாங்காது. மனசு வச்சீங்க, அதுக்கு நன்றி. ஆனா பொருந்தாது.”

“இருக்காது டாக்டர்” என்றாள் புவனேஸ்வரி. “நல்லாப் பாருங்க. ஆறு ஜீனுக்கு ஆறும் பொருந்துச்சே!”

டாக்டர் கையிலிருந்த காகிதத்திலிருந்து நிமிர்ந்தார்.

“எப்பப் பொருந்துச்சு?” என்றார் டாக்டர்.

“எனக்கு இதுக்கு முன்னாடி யாரும் டெஸ்ட் எடுக்கலையே அத்தை” என்றாள் அபிநயா. அப்போதும் அவள் குரலில் சந்தேகம் இல்லை. மாமியாருக்கு ஏதோ குழப்பம் என்றே நினைத்தாள். பக்கத்தில் நிரஞ்சனைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புவனேஸ்வரிக்கு அவமானமோ பயமோ இல்லை. ஏமாந்துவிட்டோமே என்ற ஆத்திரம்தான் இருந்தது. “டம்ளர்ல இவ பேருதான் இருந்துச்சு டாக்டர். அபிநயான்னு வெட்டியிருந்துச்சு. நானே கண்ணால பார்த்துத்தான் எடுத்தேன்.”

“பேருலேருந்து எச்சில் வராதும்மா. யாரு வாய் வச்சுக் குடிச்சாங்களோ, அவங்களோடதுதான் வரும்.” டாக்டர் தாழ்ந்த குரலில் ஆனால் கடுமையாகச் சொன்னார். “அடுத்தவங்க எச்சிலைத் திருடி டெஸ்ட் பண்றது குற்றம். தெரியும்ல?”

“என் பொண்ணு சாகப் போறா டாக்டர். குற்றத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

“உங்க பொண்ணைப் பத்தியே பேசுவோம். அவ ஜீன்ல ஆபத்து இருந்துச்சு, வாஸ்தவம். ஆபத்துன்னா வாய்ப்புன்னு அர்த்தம், தீர்ப்பு இல்ல. மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டிருந்தா இன்னும் எத்தனையோ வருஷம் ஓட்டியிருக்கலாம். ஏன் நிறுத்தினா?”

“மூஞ்சி ஊதுதுன்னு அழுதா. எப்படியும் போகப்போற கிட்னிதானேன்னு விட்டுட்டேன்.” புவனேஸ்வரியின் விரல் அபிநயா பக்கம் லேசாக நீண்டது. “அதான் வீட்லயே இருக்கேன்னு…”

அப்போதுதான் அபிநயாவுக்கு எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. மோர். பூசணித் துண்டு. பிடுங்கப்பட்ட மாத்திரை. கழிவறைக் கருவி. தள்ளிப்போன தொட்டில். மகளின் சிறுநீரகத்தைவிடப் பத்திரமாக மருமகளுடையதைத்தான் இந்த அம்மாள் காத்திருக்கிறாள்.

“அன்னைக்கு அந்த டம்ளர்ல யாரு குடிச்சா?” புவனேஸ்வரி அவள் பக்கம் திரும்பினாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கண்களில் கனிவு இல்லை.

“தெரியாது அத்தை.”

“எனக்குத் தெரியும்” என்றாள் புவனேஸ்வரி மெதுவாக. “நான் தண்ணி கேட்டு உள்ள வந்தேன். ‘நான் கழுவப் போடறேன்’னு சொல்லி உன் தங்கச்சி கையிலேருந்துதான் அதை வாங்கினேன். வாயத் தொடச்சுக்கிட்டே குடுத்தா.” பிறகு டாக்டரிடம் கேட்டாள். “மருமகளோட கூடப்பொறந்தவளும் சட்டப்படி குடும்பம்தானே?”

டாக்டர் ஹாஜிரா விருப்பமில்லாமல்தான் சொன்னார். “கல்யாணமாகி மூணு வருஷம் தாண்டியிருந்தா… ஆமா. ஆனா அந்தப் பொண்ணு மனசார வரணும். தனியா உக்கார வச்சு நான் கேப்பேன். யாராவது வற்புறுத்தினாங்கன்னு ஒரு சொல் வந்தாலும் நான் கத்தியைத் தொடமாட்டேன்.”

“மனசார வருவா” என்றாள் புவனேஸ்வரி.

வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அபிநயாவின் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு புது ஊறுகாய் பாட்டில் இருந்தது. தெருமுனைக் கடையில் வாங்கியது. மூடிகூட இன்னும் திறக்கவில்லை.

“இனிமே நீ என்ன வேணா சாப்பிடலாம்” என்று சொல்லிவிட்டுப் புவனேஸ்வரி உள்ளே போனாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. காலி டப்பாவை ஓரமாக எடுத்து வைக்கிற குரலில் சொன்னாள். சாயங்காலம் ஆள் வந்து அபிநயாவின் கழிவறைக் கருவியைக் கழற்றிக்கொண்டு போனான். அவள் இனி எப்படி இருந்தாலும் யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை.

“முன்னாடியே எங்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பேனே” என்று நிரஞ்சனிடம் சொன்னாள். அழுகை வரவில்லை. தலைதான் விண்விண்ணென்று தெறித்தது. “சொல்லிட்டே கட்டியிருந்தாலும் வந்திருப்பேன். உங்க கண்ணைப் பார்த்துட்டு அப்பவே வந்திருப்பேன்.”

“அது அப்படிச் சொல்ல முடியாது அபி. ரெண்டு இடத்துல பேச்செடுத்தோம், எழுந்து ஓடிட்டாங்க. அதுக்கப்புறம்தான் அம்மா கேக்கறத விட்டாங்க. பொருந்தறதுக்கே நாலு டம்ளர் ஆச்சு.”

“நான் நாலாவது டம்ளரா?”

அவன் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவினான்.

“என் மேல ஆசையே இல்லையா நிரஞ்சன்? ஒரு நாள்கூட?”

அவன் உண்மையாகவே யோசித்தான். அதுதான் அவளைக் கொன்றது. “பழகிடுச்சு அபி” என்றான். “நல்லாத்தானே இருந்தோம்?”

தலைவலி மாத்திரை இருக்கிறதா என்று கேட்டாள். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து அப்படியே கொடுத்தான். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் போட்டுக்கொண்ட முதல் மாத்திரை. யாரும் தடுக்கவில்லை.

ஓவியா கறுத்த கண்ணாடிச் சன்னலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள். அபிநயா கட்டிலில் உட்கார்ந்தாள்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும் அண்ணி. அதான் மாவடு கொண்டுவருவேன். உங்களுக்குக் கொஞ்சமாவது ருசியா ஏதாவது இருக்கட்டும்னு.” அவள் உதடுகள் வெடித்திருந்தன. “அந்த எச்சில் டெஸ்ட்டே வராம இருந்திருந்தா எனக்கு ஒரு அண்ணி வந்திருப்பாங்க. இப்ப ஒரு கிட்னியத்தான் கூட்டிட்டு வந்தாங்க. அதுவும் தப்பானது.”

சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது.

“ரோஷிணிய விட்டுடுங்கன்னு அம்மாகிட்ட சொல்லணும்னு காலைலேருந்து நெனைக்கிறேன். வாய் வரல அண்ணி. எனக்கு இருபத்துமூணு வயசுதான். வாழணும்னு இருக்கு. நான் கெட்டவளா?”

அபிநயா அவள் காலைப் பிடித்துவிட்டாள். அழுத்திய இடத்தில் விரல் தடம் பள்ளமாக நின்றது. வெகுநேரம் மேலெழவே இல்லை.

அடுத்து வந்த நாட்களில் அந்த வீடு அவளுக்கு விருந்தாளி வீடுபோல ஆனது. ‘கண்ணு’ போய் ‘அபி’ ஆயிற்று. காலைச் சொம்புத் தண்ணீர் நின்றது. தனியாகச் சாப்பிட்டாள். ஒருநாள் புவனேஸ்வரி துணி மடித்துக்கொண்டே, “கொஞ்ச நாள் உங்கம்மா வீட்ல போயி இருந்துட்டு வாயேன். கைக்குழந்தையா இருக்கு, இழுத்துப் பிடிக்க?” என்றாள். கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள் என்று அபிநயாவுக்குப் புரிந்தது. வெறும் பையோடு போய் நிற்கும்போது அம்மா தெருவில் சொன்ன பெருமையெல்லாம் என்னவாகும்? அதைவிட, அந்தக் கைகள். கோபப்பட வேண்டிய நேரத்தில் அவளுக்கு அந்தத் தைலக் கைகள்தான் நினைவுக்கு வந்தன. தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை புவனேஸ்வரி தானாகவே வந்தாள். சாப்பாட்டு மேஜையருகே உட்கார்ந்திருந்த அபிநயாவின் பின்னால் நின்று, தைலத்தை உள்ளங்கையில் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்து, அவள் நெற்றியில் வைத்தாள். மேஜையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. கழற்றிக்கொண்டு போன கருவி துடைத்துப் பளபளவென்று அதற்குள் இருந்தது.

“தலைவலியோடயே இருக்கியே கண்ணு. எங்கிட்ட சொல்ல மாட்டியா?”

கண்ணு. அந்தச் சொல்லை அவள் கேட்டுப் பல நாளாகிவிட்டது.

“ரோஷிணிய யாரும் கட்டாயப்படுத்த வேணாம். கிட்னியப் பத்தி இப்ப வாயத் திறக்கவும் வேணாம். இங்க வந்து கொஞ்ச நாள் அக்காவோட தங்கட்டும். ஓவியாவோட பழகட்டும். நானும் பொண்ணு மாதிரி பார்த்துக்கறேன். ஒருநாள் அவளே சொல்லுவா, நீ சொன்ன மாதிரி.” விரல்கள் நெற்றிப்பொட்டுகளில் வட்டம் போட்டன. “ஓவியாவும் பிழைச்சுக்குவா. எல்லாம் முடிஞ்சதும் தொட்டில். நீயும் எங்கயும் போக வேணாம். உன் கையிலதான் இருக்கு.”

எழுந்து கத்தவேண்டும் என்று அபிநயா நினைத்தாள். அந்தக் கைகளைத் தட்டிவிடவேண்டும். ரோஷிணியைக் கூப்பிட்டு, இந்தப் பக்கமே வராதே என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும். ஆனால் அவள் தலை தானாகவே பின்னால் சாய்ந்து அந்த வயிற்றில் பதிந்துகொண்டது.

போன் அடித்தது. ரோஷிணிதான். அபிநயா ஒலிபெருக்கியைப் போட்டாள்.

“அக்கா, மண்ட பிளக்குதுடி. ஆபீஸ்ல கடங்காரன் மேனேஜர் கம்ப்யூட்டர் கண்ணாடி போட்டுட்டு நாள் முழுக்க உக்காரச் சொல்றான். ரெண்டு மாத்திரை முழுங்கிட்டுப் படுக்கப் போறேன். சும்மாத்தான் கூப்பிட்டேன். என்ன, உங்க அத்தை காலப் பிடிச்சு விடறாங்களா?”

நெற்றியில் இருந்த விரல்கள் நின்றன. மேஜையில் ஊறுகாய் பாட்டில் பாதி காலியாக இருந்தது. மாடியில் ஓவியா இருமுவது கேட்டது.

“மாத்திரை வேணாம் ரோசி” என்றாள் அபிநயா. தன் குரல் இத்தனை கனிவாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. “அதெல்லாம் உள்ளுக்குள்ள போயி என்னென்ன பண்ணுமோ. நிறையத் தண்ணி குடி கண்ணு. பேசாம லீவு போட்டுட்டு இங்க வந்துடேன், நான் பார்த்துக்கறேன்.”

மறுமுனையில் ரோஷிணி வாய்விட்டுச் சிரித்தாள். “என்னடி இது, அப்படியே உங்க அத்தை மாதிரியே பேசற!”

நின்றிருந்த விரல்கள் மறுபடியும் மெல்லத் தைலம் தேய்க்கத் தொடங்கின.